மருத்துவரின் வயதும் வலி மருந்தும்: மலேசிய மருத்துவ மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மலேசிய மருத்துவ மன்றத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், சுகாதார அமைச்சில் மருந்துச் சேவைகளுக்குப் பொறுப்பானவர்களுக்கும்,

வணக்கம்.

கடும் வலியோடு வரும் ஒருவருக்கு ஓபியாய்டு வகை மருந்து (மார்ஃபின், கோடீன், டிராமடால் போன்ற, பழக்கமாகிவிடக்கூடிய வலி மருந்து) கிடைக்குமா, கிடைத்தால் எது, எத்தனை நாளைக்கு என்பதை அவருடைய நோய் மட்டும் தீர்மானிப்பதில்லை. அவர் எந்த மருத்துவர் முன்னால் போய் உட்காருகிறார் என்பதும், அந்த மருத்துவர் எந்த ஆண்டுகளில் தொழில் பழகியவர் என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. இதைச் சீர்செய்யும் அதிகாரம் உங்களிடம் இருப்பதால்தான் இம்மடல். இதன் சாரத்தை மலாய் மொழியில் முறைப்படி உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். தமிழில் விரிவாக எழுதுவதற்குக் காரணம், நான் பேசப்போகும் மருத்துவர்களிலும் நோயாளிகளிலும் பலர் தமிழ் படிப்பவர்கள் என்பதே.

அரசு மருத்துவமனை மருந்தகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற நான், இப்போது பினாங்குத் தீவில் ஒரு சிறிய மருந்தகத்தில் பகுதிநேரமாக வேலை செய்கிறேன். ஒரு மருத்துவர் எழுதிய சீட்டை இன்னொரு மருத்துவர் பார்ப்பது அபூர்வம். நாங்களோ மூத்தவர், இளையவர், அரசு, தனியார் என்று எல்லோருடைய கையெழுத்தையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கிறோம். அப்படிப் பார்ப்பவருக்குச் சில ஒழுங்குகள் தாமாகவே கண்ணில் படும்.

எங்கள் வட்டாரத்தில் அடிக்கடி எதிர்ப்படும் இரண்டு வகை நோயாளிகளைச் சொல்கிறேன். முதலாமவர், லாரி ஓட்டியோ தோட்டத்தில் உழைத்தோ முழங்கால் தேய்ந்த எழுபது வயதுப் பெரியவர். வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் முப்பது ஆண்டுகளாகத் தெரிந்த டாக்டர் அவருக்கு டிராமடால் 50 மில்லிகிராம் மாத்திரையை வேளைக்கு ஒன்றாக நாளுக்கு மூன்று கொடுக்கிறார். ஒரு வாரத்துக்கு என்று தொடங்கியது மாதங்களாக நீள்கிறது. தூக்கம் வரவில்லை என்று வேறொரு கிளினிக்கில் தூக்க மாத்திரையும் வாங்கிக்கொள்கிறார். மலச்சிக்கல், தலைச்சுற்றல், குளியலறையில் ஒரு விழல். ஓபியாய்டையும் பென்சோடயசபைன் வகைத் தூக்க மருந்தையும் சேர்த்துக் கொடுப்பது மூச்சையே அடக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்து ஆணையம் 2016-இல் மிகக் கடுமையான எச்சரிக்கையை விடுத்தது. டிராமடாலுக்கு வலிப்பைத் தூண்டும் தன்மை உண்டு. சில மனச்சோர்வு மருந்துகளோடு சேர்ந்தால் அந்த ஆபத்து இன்னும் கூடும். 75 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நாள் அளவு 300 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் இருக்கிறது. இவற்றில் ஒன்றையும் அந்தப் பெரியவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இரண்டாமவர், மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவிய அம்மா. அவருக்கும் அதே டாக்டர், அதே டிராமடால், கூடவே ஓபியாய்டு அல்லாத வலி மருந்தான டிக்லோஃபினாக் ஊசி. இரவு முழுக்க முனகல். மார்ஃபின் கேட்கலாமா என்று மகள் தயங்கித் தயங்கிக் கேட்டால், "அதெல்லாம் கடைசிக் கட்டத்துக்கும்மா, இப்போதே கொடுத்தால் பழகிப்போகும்" என்று பதில் வருகிறது. உலகச் சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கான படிநிலை முறையை 1986-இலேயே வெளியிட்டுவிட்டது. வலியின் கடுமைதான் அதற்கு அளவுகோல்; ஆயுளில் எத்தனை நாள் மிச்சம் என்பது அந்தக் கணக்கில் வரவே வராது. டிராமடாலுக்கு உச்ச அளவு உண்டு. மார்ஃபினின் அளவையோ வலிக்கும் பக்கவிளைவுக்கும் ஏற்பக் கவனமாக ஏற்றிக்கொண்டு போகலாம். மறுபுறம், டிக்லோஃபினாக்கை நீண்ட நாள் போட்டால் சிறுநீரகமும் இரைப்பையும் கெடும். ஆனால் அதைக் கண்டு யாரும் அஞ்சுவதில்லை.

வேண்டாத இடத்தில் தாராளமாகவும் வேண்டிய இடத்தில் கஞ்சத்தனமாகவும் நடப்பது ஒரே பேனா என்பதைக் கவனியுங்கள். இதை அலட்சியம் என்றோ அறியாமை என்றோ ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. அந்த மருத்துவர்களில் பலர் ஊர் மதிக்கும் நல்லவர்கள். நள்ளிரவில் கதவைத் தட்டினாலும் எழுந்து வந்தவர்கள். அவர்கள் பழகிய காலத்தைப் பார்த்தால்தான் காரணம் விளங்குகிறது.

நம் நாட்டின் அபாயகர மருந்துச் சட்டம் 1952-இல் வந்தது. 1983-இல் போதைப்பொருள் தேசப் பாதுகாப்புக்கே அச்சுறுத்தல் என்று அரசு அறிவித்தது; அதே ஆண்டில் கடத்தலுக்கு மரண தண்டனை கட்டாயமாக்கப்பட்டது. 15 கிராம் மார்ஃபின் வைத்திருப்பவரைக் கடத்தல்காரர் என்றே சட்டம் ஊகித்துக்கொள்ளும். நோயாளிக்குக் கொடுக்கும் 10 மில்லிகிராம் மாத்திரையில் கணக்கிட்டால் 15 கிராம் என்பது 1,500 மாத்திரைகள். முறையாகப் பதிவேடு வைத்து நோயாளிக்கு வழங்கும் மருத்துவர் அந்தச் சட்டப் பிரிவைப் பார்த்து நடுங்க வேண்டியதே இல்லை. ஆனாலும் எண்பதுகளில் ஹவுஸ்மேனாக, அதாவது பட்டம் பெற்றதும் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராக, இருந்த ஒருவருக்கு மார்ஃபின் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது இரட்டைப் பூட்டுப் போட்ட அலமாரியும், ஊசி மருந்துக் குப்பி உடைந்தால் எழுத வேண்டிய விளக்கக் கடிதமும், காவல் துறையும்தான். கட்டாய மரண தண்டனை 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. அந்த அச்சம் மட்டும் பல கிளினிக்குகளில் இன்னும் அப்படியே இருக்கிறது.

டிராமடாலுக்கு இந்தச் சுமை எதுவும் இல்லை. அது நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் வருவதால் மற்ற மருந்துகளோடு சாதாரண அலமாரியில் இருக்கும். மூத்த மருத்துவர் பலர் தொழில் தொடங்கி வெகுகாலம் கழித்தே அது இங்கே புழக்கத்துக்கு வந்தது. "மார்ஃபின் மாதிரி இல்லை, பாதுகாப்பானது" என்ற விற்பனைப் பிரதிநிதியின் பேச்சோடு வந்த மருந்து அது. படித்தபோது பாடத்தில் இல்லாத மருந்தைப் பிற்காலத்தில் யாரிடம் கற்றுக்கொள்கிறோம் என்ற கேள்விக்கு, நம் தொழிலில் நேர்மையான விடை பெரும்பாலும் அந்தப் பிரதிநிதிதான்.

நம் தமிழ் மருத்துவர்களிடம் இன்னொரு அடுக்கும் உண்டு. அவர்களில் கணிசமானோர் மணிப்பால், சென்னை, பெங்களூர் என்று இந்தியாவில் படித்தவர்கள். அங்கே 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டம் உரிமத்துக்குமேல் உரிமம் கேட்டு மார்ஃபினை மருத்துவமனைகளிலிருந்தே ஏறக்குறைய விரட்டிவிட்டது. 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய நோய்த்தணிப்பு இயக்கம், அதாவது தீராத நோயாளிகளின் வலியையும் அவதியையும் தணிக்கும் இயக்கம், கேரளத்தில் நிலைமையை மாற்றியது. நாடு முழுமைக்குமான சட்டத் திருத்தம் 2014-இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் அங்கே பட்டம் பெற்ற ஒருவர் ஐந்தரை ஆண்டுகளில் ஒரு நோயாளிக்குக்கூட மார்ஃபின் கரைசல் கொடுத்துப் பார்த்திராமல் ஊர் திரும்பியிருந்தால் அதில் வியப்பில்லை. அவர் அஞ்சுவது மருந்தை அல்ல, தான் கண்ணால் பார்த்திராத ஒன்றை.

அடுத்த தலைமுறைக்கு வருவோம். சுகாதார அமைச்சு 2008-இல் வலியை, நாடித்துடிப்பு, மூச்சு, இரத்த அழுத்தம், உடல் வெப்பம் ஆகிய நான்குக்கும் அடுத்து, தவறாமல் அளக்க வேண்டிய ஐந்தாவது உயிர்நிலைக் குறியாக அறிவித்தது. அதற்குப் பிறகு ஹவுஸ்மேன் பயிற்சி பெற்றவர்கள் இரத்த அழுத்தத்தோடும் காய்ச்சலோடும் வலிக்கும் பூஜ்யம் முதல் பத்து வரை ஓர் எண்ணைக் குறித்துப் பழகியவர்கள். அவர்கள் மார்ஃபின் எழுதத் தயங்குவது குறைவு. எழுதும்போதே சென்னா அல்லது லாக்டுலோஸ் போன்ற மலமிளக்கியையும் சேர்த்து எழுதுவதை என் மேசையில் பார்க்கிறேன், பார்க்கும்போது மகிழ்ச்சியாகவும் இருக்கிறது. ஆனால் எண்ணைக் குறைப்பதே சிகிச்சை என்ற பழக்கமும் அங்கேயே முளைக்கிறது. சிறு அறுவைக்குப் பிறகு, பாராசிட்டமாலே போதுமான இடத்தில் பத்து நாள் டிராமடாலோடு வீட்டுக்கு அனுப்பப்படும் இளைஞர்களையும் பார்க்கிறேன். அந்தச் சீட்டுகளில் இருப்பவை பெரும்பாலும் இளையவர்களின் கையெழுத்து.

இந்த ஐந்தாவது குறியை உலகுக்குத் தந்த அமெரிக்காவின் கதையை நீங்கள் அறிவீர்கள். ஆனாலும் வயதைப் பற்றிப் பேசும்போது அதைத் தாண்டிப் போக முடியாது. 1980-இல் போஸ்டனிலிருந்து ஒரு மருத்துவ இதழுக்கு ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் தங்கியிருந்து போதைவகை வலி மருந்து பெற்ற 11,882 பேரில் நான்கு பேருக்கே அடிமைத்தனம் பதிவானது என்றது அது. உள்நோயாளிகளைப் பற்றிய அந்தச் சிறு குறிப்பு, வீட்டில் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குபவர்களுக்கும் பொருந்தும் என்பதுபோல் நூற்றுக்கணக்கான கட்டுரைகளில் மேற்கோளாயிற்று. 1996-இல் ஆக்ஸிகான்டின் என்ற ஓபியாய்டு மாத்திரை சந்தைக்கு வந்தது. அந்த ஆண்டுகளில் பயிற்சி பெற்றவர்களுக்கு, ஓபியாய்டு எழுதத் தயங்குபவர் இரக்கமற்றவர் என்று சொல்லித்தரப்பட்டது. 2012-இல் அந்நாட்டில் ஓபியாய்டு சீட்டுகளின் எண்ணிக்கை 25 கோடியைத் தாண்டி உச்சம் தொட்டது. 2016-இல் நோய்த்தடுப்பு மையம் கட்டுப்பாடான வழிகாட்டியை வெளியிட்டது. அமெரிக்க மருத்துவச் சங்கமும் வலியை ஐந்தாவது குறியாகக் கொள்வதைக் கைவிடச் சொன்னது. முதுகுவலியாலும் முழங்கால், இடுப்பு மூட்டு வலியாலும் அவதிப்பட்ட 240 பேரை ஓராண்டு பின்தொடர்ந்து 2018-இல் வெளியான ஆய்வு, ஓபியாய்டு மற்ற மருந்துகளைவிட மேலான பலன் எதையும் தரவில்லை என்று காட்டியது. இந்த எதிர்வினைக்குப் பிறகு படித்து வந்தவர்களின் கை இயல்பாகவே இறுக்கமானது. மூத்த மருத்துவர்கள் இளையவர்களைவிட அதிகமாக ஓபியாய்டு எழுதுவதாக அங்கிருந்து ஆய்வுகள் வருவதற்கு இந்தப் பின்னணியே போதிய விளக்கம் என்பது என் கணிப்பு.

அங்கே மூத்தவர் தாராளம். இங்கே மார்ஃபினைப் பொறுத்தவரை மூத்தவர் கஞ்சம். நரை இரண்டு நாடுகளிலும் ஒன்றுதான். கையை எதிரெதிர்த் திசையில் திருப்பியது பயிற்சிக் காலம். ஆகவே வயதை ஒரு நோயாகப் பார்க்கும் அறிக்கைகளை அப்படியே இங்கு இறக்குமதி செய்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வயதைக் கொண்டு முடிவெடுப்பதில் வேறு பிசகுகளும் உண்டு. மூத்த மருத்துவரிடம் வருபவர்கள் பெரும்பாலும் அவரோடு சேர்ந்து மூப்படைந்தவர்கள். அவர்களுக்கு மூட்டுவலியும் புற்றுநோயும் அதிகம். அவர் தனியாகக் கிளினிக் நடத்துபவர். தவறினால் சுட்டிக்காட்டப் பக்கத்து அறையில் யாரும் இல்லை. முப்பது ஆண்டுப் பழக்கத்தில், "இந்த ஒரு மாசம் மட்டும் கொடுங்க டாக்டர்" என்பவரை மறுப்பது எளிதல்ல. 2017-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட முதியவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் விகிதம் 40 வயதுக்குட்பட்ட மருத்துவர்களிடம் 10.8 விழுக்காடாகவும் 60 வயதைக் கடந்தவர்களிடம் 12.1 விழுக்காடாகவும் இருந்ததைக் கண்டது. பத்திரிகைகள் அந்த ஒரு வரியைத்தான் தூக்கிப் பிடித்தன. அதிக நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்துவரும் மருத்துவர்களிடையே இந்த வேறுபாடு காணப்படவில்லை என்ற அடுத்த வரியை நீங்களாவது படிக்க வேண்டும். அதே 2017-இல் இன்னோர் ஆய்வு, ஒரே மருத்துவமனையின் அவசரப் பிரிவில் வேலை செய்யும் மருத்துவர்களையே தங்களுக்குள் ஒப்பிட்டது. ஓபியாய்டு குறைவாக எழுதுபவர் 7.3 விழுக்காட்டினருக்கு எழுதினார். அதிகம் எழுதுபவர் 24.1 விழுக்காட்டினருக்கு. கூரை ஒன்று, நோயாளிகளும் ஒரே வகை, இடைவெளி மூன்று மடங்கு. அதிகம் எழுதுபவரிடம் சிக்கிய முதியவர்கள் பிற்பாடு நெடுநாள் ஓபியாய்டில் நீடிக்கும் வாய்ப்பும் கூடுதலாக இருந்தது. நம் நாட்டில் இப்படி ஒரு கணக்கு எடுத்தால் என்ன வரும்?

எடுக்க முடியாது என்பதுதான் விடை. இம்மடலின் மையமான முறையீடும் அதுவே. அரசு மருத்துவமனை மருந்தகங்களில் கணினிப் பதிவு இருக்கிறது. ஆனால் நம் நாட்டில் தனியார் கிளினிக்கின் மருத்துவரே மருந்தையும் வழங்குகிறார். சீட்டு வெளியே வருவதில்லை. வெளியே வருவது ஒரு சிறிய பிளாஸ்டிக் பை. அதன்மேல் 'உபாட் தாஹான் சாக்கிட்' (மலாய் மொழியில் வலி மருந்து) என்று அச்சிட்டிருக்கும். கீழே நாளுக்கு மூன்று வேளை என்று பேனாவால் ஒரு கோடு. மருந்தின் பெயரையும் அளவையும் எழுத வேண்டும் என்ற விதி இருந்தும், பெயரில்லாத பைகளை மக்கள் என் மேசையில் கொட்டி, "இது என்னன்னு பாத்துச் சொல்லுங்க" என்று கேட்பது நின்றபாடில்லை. மாத்திரையின் நிறத்தையும் அதில் பொறித்த எழுத்தையும் பார்த்து அது டிராமடாலா வேறொன்றா என்று ஊகிக்கிறேன். ஒரே நபர் மூன்று கிளினிக்குகளில் மூன்று பை வாங்கினாலும் எந்தப் பதிவிலும் அது ஒன்றுசேராது. பதிவேடு எல்லாக் கிளினிக்கிலும் உண்டு, சோதனைக்கு ஆள் வந்தால் எடுத்துக் காட்டுவதற்காக. மருத்துவர் தன் ஓராண்டு எழுத்தைத் தானே திரும்பிப் பார்ப்பதற்கு அது உதவுவதில்லை.

ஆகவே முதல் வேண்டுகோள்: டிராமடால், டைஹைட்ரோகோடீன், கோடீன் உட்பட எல்லா ஓபியாய்டுகளையும் தனியார் கிளினிக்குகள் எளிய மின்பதிவில் ஏற்றட்டும், ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு மருத்துவருக்கும் அவருடைய சொந்தக் கணக்கு மட்டும், தன் துறையைச் சேர்ந்த மற்றவர்களின் சராசரியோடு, தனிப்பட்ட முறையில் அனுப்பப்படட்டும். தண்டிக்க வேண்டாம், பெயரை வெளியிடவும் வேண்டாம். கலிஃபோர்னியாவின் சான்டியாகோ மாவட்டத்தில் இதைவிடச் சிறிய ஒன்றைச் செய்து பார்த்தார்கள்: தங்கள் நோயாளி ஒருவர் ஓபியாய்டு மிகையால் இறந்துபோன செய்தியை மட்டும் மருத்துவர்களுக்குக் கடிதமாக அனுப்பினார்கள். அடுத்த மூன்று மாதங்களில் அவர்கள் எழுதிய அளவு 9.7 விழுக்காடு குறைந்ததாக 2018-இல் பதிவானது. வயது பேதமின்றி எல்லா மருத்துவரும் தன்னைத் தன் சகாக்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர்தான், காட்டுவதற்குத்தான் ஆளில்லை. இங்கே அந்தக் கணக்கில் குறைவாக எழுதுபவரும் தெரிய வேண்டும். புற்றுநோயாளிகளைப் பார்த்துக்கொண்டும் ஆண்டு முழுக்க ஒரு மார்ஃபின் சீட்டுகூட எழுதாதவருக்கும் ஒரு கடிதம் போக வேண்டும்.

இரண்டாவது, ஆண்டுதோறும் தொழில் உரிமத்தைப் புதுப்பிக்கத் தேவைப்படும் தொடர்கல்விப் புள்ளிகளைப் பற்றியது. இன்றைக்கு அவற்றை எந்தத் தலைப்பிலும் சேர்க்கலாம். ஹோட்டல் மண்டபத்தில் மருந்து நிறுவனம் நடத்தும் மதிய விருந்துக் கூட்டமும் அதில் அடங்கும். அதில் ஒரு பகுதியை வலி, ஓபியாய்டு, நோய்த்தணிப்பு ஆகியவற்றுக்கென்று ஒதுக்குங்கள். மருந்து நிறுவனப் பணம் அதில் கலக்க வேண்டாம். இருபத்தெட்டு வயதுக்காரருக்கும் எழுபத்தெட்டு வயதுக்காரருக்கும் அது ஒன்றாகவே இருக்கட்டும். நோய்த்தணிப்பு மருத்துவத்தை 2005-இலேயே தனித் துறையாக அங்கீகரித்து, 2019 முதல் 2030 வரைக்கான தேசியக் கொள்கையையும் எழுதி வைத்திருக்கும் நாடு இது. கோலாலம்பூரில் நோய்த்தணிப்புப் பராமரிப்பு தரும் ஹோஸ்பிஸ் மலேசியா 1991 முதல் இயங்குகிறது. பினாங்கிலும் வீடு தேடிச் செல்லும் ஹோஸ்பிஸ் தாதியர் இருக்கிறார்கள். கற்றுத்தர ஆள் இல்லை என்று சொல்ல வழியில்லை. மூத்த குடும்ப மருத்துவர் ஒருவர் இரண்டு நாள் அந்தத் தாதியரின் காரில் ஏறி வீடு வீடாகப் போய் வந்தால், மார்ஃபின் கரைசல் குடிக்கும் நோயாளி எழுந்து உட்கார்ந்து பேரப்பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதைக் கண்ணால் பார்ப்பார். பத்து விரிவுரைகளைவிட அது அவர் மனத்தை மாற்றும் என்பது என் துணிபு. அதற்கும் புள்ளி கொடுங்கள்.

மூன்றாவது, செய்ய வேண்டாம் என்று கேட்பது. தனியார் மருத்துவர்களுக்கு ஓய்வு வயது விதிக்கலாமே என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. நினைவாற்றலும் பார்வையும் தளர்ந்தவர்களைக் கண்டறிய வேறு வழிகள் உண்டு, அவை அவசியமும்கூட. ஆனால் வலி மருந்தின் பெயரால் அந்த விதியைக் கொண்டுவராதீர்கள். பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையின் பழைய தோட்டப்புறங்களில் தமிழில் நோயைக் கேட்டுத் தமிழில் பதில் சொல்லும் மருத்துவர் பல இடங்களில் அந்த மூத்தவர் ஒருவர்தான். அவர் கதவைச் சாத்தினால் நோயாளிகள் போய்ச் சேருவது வலியை விவரிக்க மொழி கிடைக்காத ஒரு வரிசையில். 'குத்துது', 'கடுக்குது', 'எரியுது', 'இழுக்குது' என்று அவர்கள் சொல்லும் வேறுபாட்டில்தான் இது நரம்பு வலியா எலும்பு வலியா என்ற முதல் துப்பு இருக்கிறது. நரம்பு வலிக்குத் தரும் கபாபென்டின் வேண்டுமா மார்ஃபின் வேண்டுமா என்ற முடிவு பல நேரம் அங்கிருந்தே தொடங்குகிறது.

மின்பதிவு வேண்டும் என்றால் செலவும் எதிர்ப்பும் வரும் என்பதை அறிவேன். எந்த மருந்தை விற்கிறோம் என்பதை அரசு எட்டிப்பார்க்கிறது என்ற சினம் கிளினிக் நடத்துபவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது; 2025 மே மாதம் முதல் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்ற ஆணை வந்தபோது எழுந்த கொந்தளிப்பை எல்லோரும் பார்த்தோம். அதனால் நாடு முழுவதும் ஒரே நாளில் தொடங்கும்படி கேட்கவில்லை. பினாங்கு மாநிலத்தில், விரும்பி முன்வரும் கிளினிக்குகளை மட்டும் கொண்டு, ஓராண்டுக்கு இதைச் சோதித்துப் பாருங்கள். மருத்துவச் சங்கத்தின் மாநிலக் கிளையையும் மருந்தாளர்களையும் ஹோஸ்பிஸ் தாதியரையும் ஒரே மேசையில் அமர்த்துங்கள். பதிவில் மருத்துவர் பட்டம் பெற்ற ஆண்டு, பயின்ற நாடு ஆகிய இரண்டு கட்டங்களையும் சேருங்கள். பிறந்த ஆண்டு தேவையில்லை. இதற்கு உடன்படுகிறீர்களா, இல்லையென்றால் எதனால் முடியாது என்பதை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற அரசு மருந்தாளர் ஒருவர்
ஜார்ஜ்டவுன், பினாங்கு